1985 பிக் ஈஸ்ட் பருவம்: லீக்கில் 9-7 எடுத்த வில்லனோவா தேசியப் பட்டம் வென்றதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஸ்கோர்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில் மேசையில் அமர்ந்து ஸ்கோர் ஷீட் எழுதும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சென்ற வாரம், 1985 ஏப்ரல் 1 அன்று கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் ரப் அரங்கில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதியாட்டப் பதிவை முழுவதுமாகப் பார்த்தேன். பழக்கத்தை விட முடியாமல், ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எறிதலையும் குறித்துக்கொண்டே பார்த்தேன். ஆட்டம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, தாளில் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன்.

வில்லனோவா அணி தளத்திலிருந்து 28 முறை வளையத்தை நோக்கி எறிந்து, 22 முறை பந்தைக் கூடையில் போட்டிருக்கிறது. பிற்பாதியில் மட்டும் 10 எறிதல்களில் 9 உள்ளே சென்றிருக்கின்றன. ஜார்ஜ்டவுன் 53 முறை எறிந்து 29 போட்டிருக்கிறது. அதுவும் பாதிக்கு மேல், குறை சொல்ல முடியாத கணக்கு. இறுதியில் வில்லனோவா 66, ஜார்ஜ்டவுன் 64. எதிரணியைவிட 25 எறிதல்கள் குறைவாக எறிந்த அணி, 17 முறை பந்தைப் பறிகொடுத்த அணி, கோப்பையை வாங்கிச் சென்றிருக்கிறது.

என்னைக் குழப்புவது இறுதியாட்டத்தைக் காட்டிலும் அதற்கு முந்தைய மூன்று மாதங்கள்தான். இரண்டு அணிகளும் பிக் ஈஸ்ட் என்ற ஒரே லீக்கைச் சேர்ந்தவை. அந்தப் பருவத்தின் லீக் பட்டியலில் செயின்ட் ஜான்ஸ் 15 வெற்றி 1 தோல்வி, ஜார்ஜ்டவுன் 14-2. அவற்றுக்கு வெகு கீழே சிரக்கியூஸும் வில்லனோவாவும் 9-7. அதே குளிர்காலத்தில் ஜார்ஜ்டவுன் வில்லனோவாவை இரண்டு முறை தோற்கடித்திருக்கிறது. லீக்கின் கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணியிடம் 85-62 என்று 23 புள்ளி வித்தியாசத்தில் வில்லனோவா தோற்றிருக்கிறது. அன்று பயிற்றுநர் ரோலி மாஸிமினோ முதல் ஐவரை வெளியே உட்கார வைத்துவிட்டார் என்றும் படித்தேன். தேசியத் தொடருக்குள் நுழையும்போது அந்த அணியின் பருவக் கணக்கு 19-10. தேசியத் தொடரில் அணிகளைப் பகுதிகளாகப் பிரித்துத் தரவரிசை கொடுப்பார்கள்; அதன் பகுதியில் எட்டாம் இடம் கொடுத்துத்தான் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் இடத்திலிருந்து வந்து பட்டம் வென்ற அணி அதற்கு முன்பும் இல்லை, இன்று வரையிலும் இல்லை.

ஆகவே என் கேள்வி இது. மூன்று மாதம் விளையாடிக் கிடைத்த லீக் பட்டியல் ஒரு கதையைச் சொல்கிறது, நாற்பது நிமிட ஆட்டம் வேறொரு கதையைச் சொல்கிறது. இவற்றுள் எதை நம்புவது? அன்றைய இரவு எறிந்ததெல்லாம் உள்ளே விழுந்த ஒரு நல்லூழ் மட்டும்தானா? அல்லது பட்டியலில் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் பருவத்தில் நடந்துகொண்டிருந்ததா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


முன்னாள் பயிற்றுநர் எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி மாணவிகளுக்குப் பயிற்சி அளித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இந்த ஆட்டத்தின் ஒளிநாடாவை என் மாணவிகளுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். எறிதல் விழுக்காட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் உங்களை வேறு இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்வேன்.

அந்தப் பருவத்தில் ஜார்ஜ்டவுனும் வில்லனோவாவும் லீக்கில் மோதிய ஆட்டங்களின் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜார்ஜ்டவுன் 52-50 என்று வென்றது. அதுவும் கூடுதல் நேரத்துக்குப் போன பிறகுதான். பிப்ரவரியில் 57-50. பட்டியலில் இவை இரண்டும் ‘தோல்வி, தோல்வி’ என்று பதிவாகியிருக்கும். ஆனால் முந்தைய ஆண்டு ஹூஸ்டனை 84-75 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றிருந்த, பேட்ரிக் யூயிங் நடுவில் நின்ற, அந்தப் பருவம் முழுவதும் மூன்றே ஆட்டங்களில் தோற்ற ஓர் அணியை, வில்லனோவா இரண்டு முறையும் ஐம்பதுகளுக்குள் நிறுத்தியிருக்கிறது. கூடுதல் நேரத்தையும் சேர்த்தே 52 புள்ளி என்றால் அந்த முதல் ஆட்டத்தின் தடுப்பு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாஸிமினோ அந்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார் என்பதைவிட, தம் பாடத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்தார் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஜார்ஜ்டவுனின் பலம் எதில் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஜான் தாம்ப்ஸன் பயிற்றுவித்த அந்த அணி, எதிரணி பந்தை எடுத்து வரும்போதே தளம் முழுவதும் நெருக்கும். அந்த நெருக்கடியில் பதறிப் பந்தை இழப்பவர்கள்தாம் பெரும்பாலோர். அதைத் தாண்டி வந்தாலும் கூடைக்கு அடியில் ஏழடி உயரத்தில் யூயிங் நிற்பார். உள்ளே புகுந்து எறிய நினைப்பவர் கடைசி நொடியில் மனம் மாறி, அவசரத்தில் தவறாக எறிவார். முதல் முறை அந்த அணியைச் சந்திப்பவர்களுக்கு இது தாங்க முடியாத அனுபவம். வில்லனோவாவின் மூத்த வீரர்கள் மூவர், எட் பிங்க்னி, ட்வெய்ன் மெக்லேன், கேரி மெக்லேன், 1981-இல் ஒன்றாகக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். யூயிங் ஜார்ஜ்டவுனுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். நான்கு ஆண்டுகளாக, லீக்கில் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை, அவரை எதிர்த்து விளையாடியவர்களுக்கு அந்த அச்சம் எப்போதோ தேய்ந்துபோயிருக்கும்.

பதிவை மறுபடியும் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுக் கேரி மெக்லேனை மட்டும் கவனியுங்கள். பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டான அவர், அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் ஆட்டம் முழுவதும் இரண்டு முறைதான் பந்தை இழந்தார். பிங்க்னியையும் கவனியுங்கள். ஒல்லியான உடல், யூயிங்கை உடல்வலிமையால் வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். எறிவதுபோல் பாவனை காட்டி, யூயிங் மேலே எழும்பியதும் பக்கவாட்டில் நகர்ந்து எறிவார். இல்லாவிட்டால் எதிராளியை விதிமீற (ஃபவுல்) வைத்து, யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி எறிதலான ஃப்ரீ த்ரோவுக்குக் கோட்டுக்குச் செல்வார். 16 புள்ளி, 6 ரீபவுண்ட் (தவறிய எறிதலைக் கைப்பற்றுவது), கூடையில் முடிந்த 5 பாஸ் என்று முடித்து அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். யூயிங் எடுத்தது 14.

உங்கள் தாளில் இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். அந்த 66 புள்ளிகளையும் எடுத்தவர்கள் ஐந்தே பேர்: ட்வெய்ன் 17, பிங்க்னி 16, மாற்று வீரராக உள்ளே வந்த ஹாரல்ட் ஜென்சன் 14, ஹாரல்ட் பிரெஸ்லி 11, கேரி 8. ஜென்சன் ஐந்து முறை எறிந்தார், ஐந்தும் விழுந்தன. ஐந்துக்கு ஐந்து என்பதில் நல்லூழ் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கிருந்து, யாருடைய பாஸில், எந்த நேரத்தில் எறிவது என்று முடிவு செய்தது பயிற்சி. எறியக் கூடாத எறிதலை அவர்கள் எறியவே இல்லை. 28 என்ற அந்தச் சிறிய எண்ணில்தான் ஆட்டத்தின் இரகசியம் இருக்கிறது. 22 அதன் விளைவு.


நேரக்காப்பாளர் எழுதியது:

அம்மா கூறியதை மதிக்கிறேன்; ஆனால் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுள்ளது. அது ஷாட் கிளாக் இல்லாமல் நடந்த கடைசித் தேசியத் தொடர். அடுத்த பருவத்திலிருந்து 45 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி எல்லாக் கல்லூரி அணிகளுக்கும் வந்துவிட்டது. அதற்கடுத்த 1986-87 பருவத்தில், தொலைவிலிருந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி தரும் கோடும் வந்தது. பின்னர் 45 நொடி 35 ஆகி, 2015-16 முதல் 30 நொடியாகக் குறைந்துவிட்டது.

முற்பாதி முடியும் தறுவாயில் வில்லனோவா பந்தை எவ்வளவு நேரம் கைமாற்றிக்கொண்டே இருந்தது என்று பாருங்கள். கடைசி நொடிகளில் பிரெஸ்லி போட்ட பந்துதான் 29-28 என்ற முன்னிலையைத் தந்தது. பிற்பாதியில் 54-53 என்று பின்தங்கியிருந்தபோதும் அவர்கள் அவசரப்படவில்லை. பந்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இரண்டரை நிமிடம் மீதமிருக்கையில்தான் ஜென்சன் எறிந்து 55-54 ஆக்கினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எறிதலுக்கு அவ்வளவு காத்திருக்க முடிந்திருக்குமா? 28 என்ற எண்ணைப் பயிற்சியின் சாதனை என்கிறீர்கள். என் கண்ணுக்கு அது விதியின் இடைவெளியாகத் தெரிகிறது. இன்றைய விதிப்படி அந்த ஆட்டத்தை நடத்தினால் பத்தில் எட்டு முறை ஜார்ஜ்டவுன் வெல்லும் என்பது என் எண்ணம்.


முன்னாள் பயிற்றுநர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு கட்டங்களும் உண்மை. ஆனால் வில்லனோவா ஆட்டத்தை உறங்க வைத்து வென்றது என்று முடிவு கட்டுவதற்கு முன்பு, அந்தத் தொடரின் ஆறு ஆட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டேட்டன் அணியை, டேட்டனின் சொந்த அரங்கிலேயே, 51-49. பிறகு அந்தப் பகுதியின் தரவரிசையில் முதல் இடம் பெற்றிருந்த மிச்சிகனை 59-55. மேரிலாந்தை 46-43. அலபாமாவின் பர்மிங்ஹாமில் வட கரோலினாவை 56-44. அதில் இடைவேளையின்போது 22-17 என்று பின்தங்கியிருந்தார்கள். அரையிறுதியில் மெம்பிஸ் ஸ்டேட்டை 52-45. கடைசியாக ஜார்ஜ்டவுனை 66-64.

ஆறில் எது அதிகம்? இறுதியாட்டத்தின் 66-தான். மற்ற ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர்கள் அறுபதைத் தொடவில்லை. மேரிலாந்தையும் மெம்பிஸையும் பந்தை வைத்துக்கொண்டு மெதுவாக்கி வென்றார்கள் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். நாடே எதிர்பார்த்த அந்த வழியை ஜார்ஜ்டவுனுக்கு எதிராக மட்டும் அவர்கள் முழுமையாகப் பின்பற்றவில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 50, 50 என்று எடுத்துத் தோற்றதிலிருந்து, தடுப்பு மட்டும் போதாது, நெருக்கடியைத் தாண்டியதும் எதிர்த்தளத்தில் ஆள் குறைவாக இருக்கும் அந்த நொடியிலேயே தாக்கியாக வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். முழுத்தள நெருக்கடிக்கு ஒரு விலை உண்டு: அதை உடைத்துவிட்டால் பின்னால் காவல் குறைந்திருக்கும்.

பிற்பாதியில் அவர்கள் எடுத்தது 37 புள்ளி. அதில் தளத்திலிருந்து 18, ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து 19. ஆட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் வில்லனோவா 27 ஃப்ரீ த்ரோக்களில் 22 போட்டது. ஜார்ஜ்டவுனுக்குக் கிடைத்தவையே 8-தான். தளத்திலிருந்து 14 புள்ளி பின்தங்கிய அணி, கோட்டிலிருந்து 16 புள்ளி முன்னேறி, அந்த இரண்டு புள்ளியில் வென்றது. ஸ்கோர்தாள் ஐயா, உங்கள் தாளில் இதைக் கூட்டிப் பார்த்தீர்களா? கடிகாரம் இருந்திருந்தாலும் அந்த ஃபவுல்கள் நடந்திருக்கும்.


குவீன்ஸ்வாசி எழுதியது:

இந்த உரையாடலில் மூன்றாவது அணியின் பெயர் ஒருமுறைதான் வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மேற்படிப்புக்காகச் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, கூடைப்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே நூலகத்தில் வேலை செய்த பெரியவர்கள் முதல் சிற்றுண்டிச்சாலையில் பரிமாறியவர்கள் வரை, 1985 என்ற ஆண்டைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை நினைவுகூர்வதுபோல் பேசுவார்கள். அந்த ஆசையில்தான் நானும் அந்தப் பருவத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் லீக்கைப் பற்றி. 1979-இல் பிராவிடென்ஸ் கல்லூரியின் பயிற்றுநராக இருந்த டேவ் கேவிட் என்பவர்தான் பிக் ஈஸ்ட்டை உருவாக்கினார். பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் போன்ற பெருநகரங்களை ஒட்டிய கல்லூரிகளைச் சேர்த்தார்; ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகிலிருந்த வில்லனோவா 1980-இல் சேர்ந்தது. இவற்றுள் பல கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும், அளவில் பெரிதல்லாத கல்லூரிகள். (சென்னை லயோலா கல்லூரியை நடத்தும் இயேசு சபையினர்தாம் ஜார்ஜ்டவுனையும் நடத்துகிறார்கள்.) அதே 1979-இல்தான் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியும் தொடங்கியது. ஒளிபரப்ப ஆட்டங்கள் தேவைப்பட்ட தொலைக்காட்சியும், பெருநகரப் பார்வையாளர்களைக் கையில் வைத்திருந்த லீக்கும் ஒன்றையொன்று வளர்த்தன. 1983 முதல் லீக்கின் இறுதித் தொடர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடக்கிறது. தொடங்கி ஆறே ஆண்டில், 1985-இல், ஒரே லீக்கின் மூன்று அணிகள் தேசிய அரையிறுதியில் நின்றன. அதற்கு முன்பு எந்த லீக்கும் அதைச் செய்ததில்லை.

இனி செயின்ட் ஜான்ஸ். பயிற்றுநர் லூ கார்னெசெக்கா; அணியில் கிறிஸ் மல்லின், வால்டர் பெர்ரி, மார்க் ஜாக்ஸன், பில் வென்னிங்டன். ஜனவரி 26 அன்று ஜார்ஜ்டவுனின் சொந்தத் தளத்துக்கே சென்று 66-65 என்று வென்றார்கள். 29 ஆட்டங்களாகத் தோல்வி காணாமல் வந்த ஜார்ஜ்டவுனின் தொடர் அன்றோடு முடிந்தது. அந்த நாட்களில் சளி பிடித்திருந்ததால் கார்னெசெக்கா ஒரு பல வண்ணக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அணி வென்றுகொண்டே இருந்ததால் அதைக் கழற்ற மனம் வரவில்லை. பிப்ரவரி 27 அன்று இரண்டு அணிகளும் தேசியத் தரவரிசையில் முதலிடம், இரண்டாமிடம் என்ற நிலையில் கார்டனில் மீண்டும் சந்தித்தன. ஜான் தாம்ப்ஸன் தம் மேல்கோட்டைத் திறந்தபோது, உள்ளே அதே வடிவம் அச்சிட்ட சட்டை! அரங்கமே ஆரவாரித்தது. ஆனால் ஆட்டத்தில் ஜார்ஜ்டவுன் 85-69 என்று வென்றது. லீக்கில் செயின்ட் ஜான்ஸின் ஒரே தோல்வி அதுதான்.

அதன் பிறகு லீக் இறுதித் தொடரின் இறுதியாட்டத்தில் ஜார்ஜ்டவுன் 92-80. லெக்சிங்டன் அரையிறுதியில் 77-59. அன்று மல்லின் எடுத்தது 8 புள்ளிதான். ஆண்டின் சிறந்த வீரருக்கான உட்டன் விருதை வென்ற ஒருவரை, நூறு ஆட்டங்களாக இரட்டை இலக்கத்துக்குக் கீழே இறங்காத ஒருவரை, அப்படிக் கட்டிப்போட்டார்கள். ஒரே பருவத்தில் நான்கு முறை மோதி, முதல் முறை மட்டும் வென்று, மற்ற மூன்றிலும் தோற்ற அணியின் வேதனை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். பருவம் முழுவதும் 31 வெற்றி, 4 தோல்வி; அந்த நான்கில் மூன்று ஜார்ஜ்டவுனிடம்.

பயிற்றுநர் அம்மையாரின் வாதத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருப்பது இதனால்தான். அடிக்கடி சந்தித்ததால் வில்லனோவா கற்றுக்கொண்டது என்கிறீர்கள். செயின்ட் ஜான்ஸ் வில்லனோவாவைவிட அதிகமாகவே ஜார்ஜ்டவுனைச் சந்தித்தது. ஆனால் சந்திக்கச் சந்திக்க, 1 புள்ளியில் வென்ற அணி 16, 12, 18 என்ற வித்தியாசங்களில் தோற்றது. அப்படியானால் பழக்கம் யாருக்கு உதவியது? தாம்ப்ஸனுக்குத்தானே?


முன்னாள் பயிற்றுநர் எழுதியது:

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலமுறை சந்திப்பது இரண்டு பக்கத்துக்கும் பாடம்தான். தோற்ற பக்கம் அதிகம் படிக்கும், வென்ற பக்கம் தன் வழியை மாற்றத் தயங்கும். ஜனவரியில் செயின்ட் ஜான்ஸிடம் தோற்றவர் தாம்ப்ஸன். பிறகு மாற்றிக்கொண்டவரும் அவரே. வில்லனோவாவிடம் இரண்டு முறை வென்றவரும் தாம்ப்ஸன். மூன்றாம் முறை அவர் எதையும் மாற்ற வேண்டிய தேவை அவருக்குத் தெரிந்திருக்காது. பயிற்றுநராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு முறை வென்ற அணியை மூன்றாம் முறை சந்திக்கும்போது மாணவிகளைத் தயார்ப்படுத்துவது மிகக் கடினம். என் அணி அப்படி ஒரு மண்டல இறுதியாட்டத்தில் தோற்றது. அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் குவீன்ஸ்வாசி அவர்களே, ஜார்ஜ்டவுனைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. 35-3 என்று அவர்கள் முடித்தார்கள். அந்த மூன்று தோல்விகள் யாரிடம்? செயின்ட் ஜான்ஸிடம் 66-65. அடுத்த இரண்டாம் நாள் சிரக்கியூஸில், பேர்ல் வாஷிங்டனின் கடைசி நேர எறிதலில் 65-63. பிறகு லெக்சிங்டனில் 66-64. மூன்றையும் கூட்டினால் ஐந்து புள்ளி. அந்த ஐந்து புள்ளியையும் பறித்தவை பிக் ஈஸ்ட் அணிகள்தாம். லீக்குக்கு வெளியே இருந்த ஓர் அணியாலும் அவர்களை வெல்ல முடியவில்லை.


ஸ்கோர்தாள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மா கேட்டபடி தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்: வில்லனோவா தளத்திலிருந்து 44, கோட்டிலிருந்து 22, ஜார்ஜ்டவுன் 58, 6. இவ்வளவு நாள் 22/28 என்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே தாளின் வலப்பக்கக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு ஐயம். அந்த ஆண்டு லீக்கில் ஒன்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் பதினாறு ஆட்டம். அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற எட்டு அணிகளையும் தன் ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை சந்தித்திருக்கிறது. இப்போது பெரிய லீக்குகளில் அப்படி நடக்கிறதா? நடக்கவில்லையென்றால், இரண்டு முறை தோற்றுப் பாடம் படிக்கும் வாய்ப்பே அணிகளுக்கு இல்லாமல் போயிருக்குமே?


குவீன்ஸ்வாசி எழுதியது:

பெரிய லீக்குகளில் நடக்கவில்லை. 2024 முதல் பிக் டென், ஏசிசி இரண்டிலும் பதினெட்டுப் பதினெட்டு அணிகள். அத்தனை பேரையும் இருமுறை சந்திப்பதென்றால் முப்பத்து நான்கு லீக் ஆட்டம் வேண்டும். அதற்கு நாட்காட்டியில் இடமில்லை. ஒரே லீக்கில் இருந்தும் ஒரு பருவத்தில் ஒருமுறை மட்டுமே மோதும் அணிகள்தாம் அங்கே அதிகம். அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சி வருமானத்துக்காக லீக்குகள் பெருத்ததன் விளைவு இது.

பிக் ஈஸ்ட்டும் அந்தக் காற்றில் சிதறியது. 2013-இல் கால்பந்தைப் பெரிதாகக் கருதிய கல்லூரிகள் பிரிந்து சென்றன. வில்லனோவா, ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், பிராவிடென்ஸ் உள்ளிட்ட ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் லீக்கின் பெயரையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனையும் விடாமல் காப்பாற்றிக்கொண்டன. 2020-இல் கனெக்டிகட் திரும்பி வந்த பிறகு பதினோரு அணிகள், இருபது லீக் ஆட்டங்கள். எல்லோரும் எல்லோரையும் இருமுறை சந்திக்கும் முறை இங்கே இன்னும் இருக்கிறது. பிரிவுக்குப் பிறகு 2016, 2018-இல் வில்லனோவாவும், 2023, 2024-இல் கனெக்டிகட்டும் தேசியப் பட்டம் வென்றன. இதை அந்தப் பழைய முறையின் பலன் என்று நிறுவ என்னால் இயலாது. ஆனால் அப்படி நம்பவே விரும்புகிறேன்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு என் விடையையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலை நம்புங்கள், இறுதியாட்டத்தையும் நம்புங்கள், ஆனால் ஒன்றை அளக்கும் கோலால் மற்றொன்றை அளக்காதீர்கள். 15-1 என்ற கணக்கை எடுக்க மூன்று மாதம் எந்த ஊரிலும் தளராமல் நிற்க வேண்டும். அதைச் செய்தவர்கள் எங்கள் அணியினர். அதற்கு உரிய மரியாதையை இந்த நாட்டில் யாரும் தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

2024 நவம்பர் 30 அன்று, தம் நூறாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்கையில், கார்னெசெக்கா மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய அரங்கம் எங்கள் வளாகத்தில் இருக்கிறது. அந்தப் பருவத்திலேயே செயின்ட் ஜான்ஸ் 18-2 என்று லீக் பட்டியலில் தனித்து முதலிடம் பிடித்தது. 1985-க்குப் பிறகு யாரோடும் பகிராமல் பெற்ற முதலிடம் அது. 2025 மார்ச்சில் கார்டனில் கிரைட்டன் அணியை 82-66 என்று வென்று லீக் இறுதித் தொடரையும் கைப்பற்றினார்கள். மேல்தளத்து இருக்கையில் என் மகளோடு அமர்ந்து அதைப் பார்த்தேன். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த முதியவர், அந்தப் பல வண்ணக் கம்பளிச் சட்டையைப் போன்ற ஒன்றை அணிந்து வந்திருந்தார். ஒரு வாரம் கழித்துத் தேசியத் தொடரின் இரண்டாம் சுற்றிலேயே ஆர்கன்சாவிடம் 75-66 என்று தோற்று வெளியேறினோம்.


ஸ்கோர்தாள் எழுதியது:

ஐயா, அந்த 1985 ஜனவரி 26 ஆட்டத்தின், 66-65, முழுப் பதிவு உங்களிடம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அதற்கும் ஒரு தாள் எழுதிப் பார்க்க விரும்புகிறேன். இந்த முறை ஃப்ரீ த்ரோ கட்டத்திலிருந்து தொடங்குவேன்.